க்ரீமில் தண்ணீர் சேர்ந்தால்: எமல்சிஃபயரும் ப்ரிசர்வேட்டிவும் தேர்ந்தெடுக்கும் முறை

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஊறுகாய் ஜாடிக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஈரக்கை அதன் பக்கம் போகக்கூடாது. அகப்பை துடைத்து, வெயிலில் காய்ந்ததாக இருக்க வேண்டும். காய்க்கு மேலே எண்ணெய் ஒரு விரற்கடை நிற்க வேண்டும். "ஏத்தா, கையத் தொடச்சுட்டு ஜாடியத் தொடு" என்று எங்கள் அப்பத்தா இரண்டாம் கட்டிலிருந்து குரல் கொடுப்பார்கள். அதை ஏதோ வீட்டு ஆசாரம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். வேதியியல் படித்து, க்ரீம் செய்யப் பழகி, ஒரு முறை கெடுத்தும் பார்த்த பிறகு அந்தச் சட்டத்தின் அருமை புரிந்தது.

கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொல்லையில் வளர்ந்த கற்றாழையில் இரண்டு மடல் அறுத்து, மஞ்சள் பால் வடியவிட்டு, சோற்றை வழித்து எடுத்தேன். தேங்காய் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி அதோடு சேர்த்து, இரண்டு வைட்டமின் ஈ மாத்திரையைக் கிள்ளிப் பிழிந்து மிக்சியில் ஓட்டினேன். வெண்ணெய் போல வெள்ளை வெளேரென்று திரண்டது. ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்துப் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் குப்பி திரும்பி வந்தது. மூடியைத் திருகினால் உள்விளிம்பில் சாம்பலும் பச்சையுமாகப் புள்ளிகள். மேலே வெள்ளைக் கட்டி மிதக்க, அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் தனியே நின்றது. பித்தவெடிப்பில், தோல் பிளந்து ரத்தம் கசியும் இடத்தில், அதைத்தான் ஆச்சி கடைசி மூன்று நாளும் தடவியிருக்கிறார்கள். கால் பழுக்கவில்லை என்பதே பெரிய ஆறுதல். அன்றைக்கு வந்த பயம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அந்தக் குப்பியில் இரண்டு தவறுகள் இருந்தன. எண்ணெயும் தண்ணீரும் பிரிந்தது ஒன்று, பூசணம் பூத்தது இன்னொன்று. முதலாவதற்கு எமல்சிஃபயர் வேண்டும், இரண்டாவதற்கு ப்ரிசர்வேட்டிவ் வேண்டும். தொடங்குபவர்கள் பெரும்பாலும் இவற்றைத் தனித்தனியாகப் படிக்கிறார்கள். நான் இரண்டையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். ஒன்றை மாற்றினால் மற்றதன் வேலை மாறிவிடும் என்பதுதான் இதில் பிடிபட வேண்டிய சங்கதி.

இவை எதற்குத் தேவையில்லை என்பதைச் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பூசணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டியது தண்ணீர், அதுவும் அவை எடுத்துக் குடிக்கக்கூடிய தண்ணீர். இதை அளக்க நீர்ச்செயல்பாடு என்றொரு எண் இருக்கிறது. சுத்தமான தண்ணீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாவுக்கு 0.9-க்கு மேல் வேண்டும். 0.6-க்குக் கீழே போய்விட்டால் எதுவும் வளராது. தேன் கெடாமல் இருப்பதும், உப்பில் ஊறிய மாவடு நாள்பட நிற்பதும் இதனால்தான்: அங்கே தண்ணீர் இருக்கிறது, ஆனால் சர்க்கரையும் உப்பும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே மூலிகைத் தைலம், மெழுகும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த உதட்டுத் தைலம், காயவைத்து அரைத்த நலங்கு மாவு ஆகியவற்றுக்கு ப்ரிசர்வேட்டிவ் வேண்டியதில்லை. ஒரு விலக்கு உண்டு. குளியலறையில் ஈரக்கையோடு அள்ளும் சர்க்கரை ஸ்க்ரப் போன்றவற்றில் தண்ணீர் பின்னால் வந்து சேரும். அவற்றுக்கு வேண்டும்.

புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்டால், முதல் ஆறு மாதம் தண்ணீர் சேராத பொருள்களையே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். நலங்கு மாவு நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்த பண்டம். அதைச் சுத்தமாகக் காயவைத்து, சலித்து, ஈரம் புகாத டப்பாவில் அடைக்கக் கற்றுக்கொள்வதே ஒரு படிப்பு.

மோர் கடைவதில் இருக்கும் பாடம்

பால் என்பது தண்ணீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகள். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. மத்தை விட்டுக் கடையும்போது உறை கிழிகிறது, துளிகள் சேர்கின்றன, கடைசியில் கைக்கு வெண்ணெயாகத் திரண்டு வருகிறது. அந்தத் திரளில் எல்லாம் தலைகீழ். இப்போது கொழுப்பு வெளியே நிற்கிறது, அதற்குள் ஏறக்குறைய 16 சதவீதத் தண்ணீர் சின்னச் சின்னத் துளியாகச் சிக்கியிருக்கிறது. பால் பட்ட கையைத் தண்ணீரில் காட்டினால் போய்விடும். வெண்ணெய் பட்ட கை வழுக்கிக்கொண்டே இருக்கும். எது வெளியே நிற்கிறதோ அதன் குணம்தான் கைக்குத் தெரியும்.

ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களில் ஒன்று மற்றதற்குள் துளியாக நிற்பதற்குப் பால்மம் என்று பெயர். முகத்துக்குப் போடும் லோஷன் பால் மாதிரி: தண்ணீருக்குள் எண்ணெய். பழைய பாணிக் கோல்டு க்ரீம் வெண்ணெய் மாதிரி: எண்ணெய்க்குள் தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கு மக்கள் முதல் வகையைத்தான் விரும்புவார்கள், பிசுபிசுப்பு இராது. ஆனால் அதில் தண்ணீர் வெளியே, ஒரே பரப்பாகக் கிடக்கிறது. கிருமி நினைத்த இடத்துக்கு நீந்திப் போகலாம். ஆகவே லோஷனுக்குக் காவல் இன்னும் பலமாக வேண்டும்.

துளியைச் சுற்றி உறையாக நிற்கும் பொருளே எமல்சிஃபயர். தமிழில் பால்மமாக்கி. அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய்த் துளிக்குள் ஒரு முனையைச் செருகி, மறுமுனையை வெளியே தண்ணீரில் நீட்டி வரிசையாக நின்றுகொள்ளும். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போடு அரைத்துப் பூசினார்கள், இன்றும் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. எமல்சிஃபயர் இருப்பது அந்த முட்டையின் மற்றப் பாதியில். மஞ்சள்கருவில் உள்ள லெசித்தின் நல்ல எமல்சிஃபயர். சோயாவிலிருந்தும் அதை எடுக்கிறார்கள்.

தேன்மெழுகு எமல்சிஃபயர் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், வீட்டில் க்ரீம் செய்யத் தொடங்கும் பலரும் விழும் குழி இது. ரோமாபுரி மருத்துவர் கேலன் இரண்டாம் நூற்றாண்டில் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், ரோஜாத் தண்ணீர் மூன்றையும் அடித்துச் செய்ததே கோல்டு க்ரீமின் முன்னோடி. தடவும்போது தண்ணீர் பிரிந்து ஆவியாகிக் குளிர்ந்ததால் அந்தப் பெயர் வந்தது. பின்னாளில் போராக்ஸ் சேர்த்தார்கள். மெழுகில் உள்ள அமிலத்தோடு அது சேர்ந்து சோப்பு உண்டாகிறது, அந்தச் சோப்புதான் உறையாக நிற்கிறது. மெழுகு மட்டும் இருந்தால் கலவை கெட்டியாகும், கெட்டித்தனத்தால் சில நாள் பிரியாமல் இருக்கும். என் கற்றாழைக் குப்பி பன்னிரண்டு நாளில் காட்டிக்கொடுத்தது அதைத்தான்.

எந்த எண்ணெய்க்கு எந்த எமல்சிஃபயர்? 1949-இல் வில்லியம் கிரிஃபின் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதற்கு ஓர் எண் முறையைக் கொடுத்தார். எச்.எல்.பி. என்பார்கள். எமல்சிஃபயரின் தண்ணீர்ப் பக்கத்துக்கும் எண்ணெய்ப் பக்கத்துக்கும் உள்ள பலத்தை ஒப்பிட்டு 0 முதல் 20 வரை ஒரு மதிப்பு. சின்ன எண் என்றால் எண்ணெய்ப் பக்கம் சாய்வு. 3 முதல் 6 வரை உள்ளவை வெண்ணெய் வகைக்கு, 8-உம் அதற்கு மேலும் உள்ளவை பால் வகைக்கு. ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனக்கு வேண்டிய மதிப்பு ஒன்று உண்டு. லோஷனாக நிற்கத் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 8 வேண்டும், விளக்கெண்ணெய்க்குச் சுமார் 14 வேண்டும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். கையில் பாலிசார்பேட் 80 இருக்கிறது, அதன் மதிப்பு 15. சார்பிடான் மோனோஓலியேட் இருக்கிறது, அதன் மதிப்பு 4.3. தேங்காய் எண்ணெய்க்கு 8 வர வேண்டும். 8-லிருந்து 4.3 போனால் 3.7. 15-லிருந்து 4.3 போனால் 10.7. 3.7-ஐ 10.7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.35. ஆக, நூற்றுக்கு 35 பங்கு பாலிசார்பேட், 65 பங்கு சார்பிடான். மொத்தம் 5 கிராம் எமல்சிஃபயர் போடுவதென்றால் 1.75 கிராமும் 3.25 கிராமும். இரண்டு எமல்சிஃபயர் ஜோடியாக நின்றால் உறை நெருக்கமாகும், ஒற்றை ஆள் காவலைவிட இது நல்லது.

இவ்வளவு கணக்கு முதல் நாளே வேண்டாம் என்பவர்களுக்குத் தயார்க் கலவைகள் கிடைக்கின்றன. எமல்சிஃபையிங் வாக்ஸ் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் சீட்டியரைல் ஆல்கஹாலும் பாலிசார்பேட் 60-உம் சேர்ந்தது. கிளிசரில் ஸ்டியரேட்டும் பெக்-100 ஸ்டியரேட்டும் சேர்ந்த செதில் இன்னொன்று. தொடங்குபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த இரண்டாவதை, 5 சதவீத அளவில். சின்னத் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். வாங்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள். வெறும் கிளிசரில் ஸ்டியரேட்டின் எச்.எல்.பி. 4-க்கும் குறைவு, அது மட்டும் போட்டு லோஷன் நிற்காது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைச் செதில்தான். தலைமுடிக் கண்டிஷனர் செய்பவர்கள் பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்ஃபேட் வாங்குவார்கள். அது நேர்மின்சுமை உள்ளது, முடியில் படிந்து வழுவழுப்பு தரும். எதிர்மின்சுமை உள்ள சாந்தன் கம் போன்றவற்றோடு அதைச் சேர்த்தால் திரிந்துபோகக்கூடும்.

ப்ரிசர்வேட்டிவ்: யாரைத் தடுக்கிறது, எங்கே தடுக்கிறது

க்ரீமில் வரக்கூடிய எதிரி ஒருவர் இல்லை. பாக்டீரியாவில் இரண்டு பெரும் கூட்டம், அதற்கு மேல் ஈஸ்ட், பூசணம். தண்ணீரில் சாதாரணமாக இருக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இவற்றில் பொல்லாதது. மிகக் குறைந்த தீனியிலும் வளரும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதோடு இது வளர்ந்த க்ரீம் பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருக்கலாம். பூசணம் புள்ளி வைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பாக்டீரியா அப்படிச் செய்யாது. "என் க்ரீம் ஆறு மாதமாக அப்படியே இருக்கிறது" என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு நிம்மதி வருவதில்லை.

ஃபீனாக்சிஎத்தனால் இன்று அதிகம் புழங்கும் ப்ரிசர்வேட்டிவ். ஐரோப்பிய விதிப்படி உச்ச அளவு 1 சதவீதம். பாக்டீரியாவை நன்றாகத் தடுக்கும், பூசணத்தில் கொஞ்சம் தளரும். அதனால் எத்தில்ஹெக்சைல்கிளிசரின் போன்ற துணையோடு கலந்து விற்கிறார்கள். இதன் பெரிய வசதி, பிஎச் (ஒரு பொருள் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்வது. தொடங்குபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் ஜாம், ஸ்குவாஷ் போத்தல்களில் நாம் பார்த்த பெயர்கள். உணவில் போடுவது என்பதால் மக்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. பூசணத்தையும் ஈஸ்ட்டையும் நன்றாகத் தடுக்கும், பாக்டீரியாவை அரைகுறையாக. இவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைத் தெரியாமல் போடுவது போடாததற்குச் சமம். கிருமியின் தோலைத் துளைத்து உள்ளே போவது பிரியாமல் முழுதாக இருக்கும் பென்சோயிக் அமிலம் மட்டுமே. பிரிந்துவிட்டால் மின்சுமை ஏறிவிடும், உள்ளே போக முடியாது. பிஎச் 4.2-இல் நூற்றுக்கு ஐம்பது முழுதாக இருக்கும். 5.2-இல் ஒன்பதுதான். 6.2-இல் ஒன்றே ஒன்று. அரை சதவீதம் போட்டேன் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள், உண்மையில் வேலை செய்வது அதில் நூறில் ஒரு பங்கு. சார்பேட் சற்றுத் தேவலை, 5.5-இல் நூற்றுக்குப் பதினைந்து போல இருக்கும். இந்த இரண்டையும் நம்புகிறவர்கள் பிஎச்சை 5-க்குக் கீழே வைத்தே ஆக வேண்டும்.

அதனால் பிஎச் அளக்காமல் ப்ரிசர்வேட்டிவ் தேர்ந்தெடுக்கக் கூடாது. தாள் பட்டை போதும் என்று தொடங்கி, பிறகு ஒரு சின்ன மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் எங்கள் காரைக்குடி ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான கருவி அல்ல. மின்வேதியியலில் பிறந்த கருவி அது.

பாராபென் என்ற ப்ரிசர்வேட்டிவ் வகையைப் பற்றிக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். 2004-இல் இங்கிலாந்தில் 20 மார்பகக் கட்டி மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் பாராபென் இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது. பக்கத்திலுள்ள நல்ல திசுவோடு அதில் ஒப்பிடவில்லை, பாராபென்தான் கட்டியை உண்டாக்கியது என்றும் அது நிறுவவில்லை. ஆனால் செய்தி அப்படித்தான் பரவியது. ஐரோப்பாவில் மெத்தில், எத்தில் பாராபென் இன்றும் 0.4 சதவீதம் வரை அனுமதிக்கப்படுகின்றன. புரொப்பைல், பியூட்டைல் வகைகளை 2014-இல் 0.14 சதவீதமாகக் குறைத்தார்கள், வேறு சிலவற்றைத் தடுத்தார்கள். பாராபெனை விட்டு ஓடிய நிறுவனங்கள் பல மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற இன்னொரு ப்ரிசர்வேட்டிவுக்குப் போயின. அது எத்தனையோ பேருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொடுத்தது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலில் தங்கும் பொருள்களில் அதை ஐரோப்பா 2017-இலிருந்து தடைசெய்துவிட்டது. அதே சங்கம் 2019-இல் பாராபெனை, ஒவ்வாமை தராத பொருள் என்று எடுத்துக்காட்டியது. பெயரைப் பார்த்துப் பயந்து ஓடுவதைவிட அளவைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன். இருந்தாலும் வாங்குகிறவர்கள் வேண்டாம் என்றால் அது அவர்கள் உரிமை. வேறொன்றைப் போடலாம். எதுவும் போடாமல் விடுவதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன்.

வைட்டமின் ஈ ப்ரிசர்வேட்டிவ் இல்லை. எண்ணெய் கெடுவது இரண்டு விதம். காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிப்பது ஒன்று, அதைத் தள்ளிப்போடத்தான் வைட்டமின் ஈ, ரோஸ்மேரிச் சாறு எல்லாம். கிருமி வளர்வது வேறு, அதை இவை தொடவே செய்யாது. மஞ்சளும் வேம்பும் கிருமிநாசினிதானே என்பார்கள். தோலுக்குத் தாங்கும் அளவில் அவற்றால் ஒரு குப்பியை மாதக்கணக்கில் காக்க முடியாது. அதற்கு மேல், மூலிகைப் பொடிகளே மண்ணிலிருந்து வந்த வித்துகளைச் சுமந்துகொண்டு வரும். ஆவாரம்பூக் கஷாயத்தைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றி க்ரீம் செய்தால் கிருமிக்கு இலை போட்டுப் பரிமாறியது போல ஆகிவிடும். ஆவாரம்பூ வேண்டும் என்று ஆசைப்பட்டால் பூவை நன்றாகக் காயவைத்து எண்ணெயில் ஊறப்போட்டு, அந்த எண்ணெயைச் சேருங்கள். என் கற்றாழைச் சோறும் இதே கதைதான். புதுச்சோறு ஃப்ரிட்ஜிலேயே ஒரு வாரம் தாங்குவது அரிது.

இரண்டையும் ஒரே தட்டில் வைத்து

இப்போது இந்த இரண்டும் சந்திக்கும் இடம். கிருமி தண்ணீரில் வாழ்கிறது. ஆகவே ப்ரிசர்வேட்டிவும் தண்ணீரில் இருக்க வேண்டும். ஆனால் பல ப்ரிசர்வேட்டிவ்களுக்கு எண்ணெய்ப் பக்கம்தான் பிரியம். புரொப்பைல் பாராபென் நைசாக எண்ணெய்த் துளிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெயின் அளவைக் கூட்டக் கூட்ட, தண்ணீரில் காவலுக்கு நிற்பது குறையும்.

எமல்சிஃபயர் செய்வது இதைவிட மறைவானது. பாலிசார்பேட் அதிகமாக இருந்தால் உறையாக நின்றது போக மிச்சம் தண்ணீரிலேயே சின்னச் சின்னப் பந்துகளாகச் சுருண்டு நிற்கும். அந்தப் பந்துக்குள் எண்ணெய் நாட்டம் உள்ள இடம் இருக்கிறது. பாராபென் அதற்குள் புகுந்து அடைபட்டுவிடும். சோதனைக் கூடத்தில் அளந்தால் பாராபென் முழு அளவும் இருக்கும், குப்பிக்குள் பூசணமும் இருக்கும். ஜாடியில் உப்புப் போட்டோம், ஆனால் உப்பு மூட்டையைப் பிரிக்காமலே போட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிசார்பேட் கூடுதலாகப் போடும் செய்முறையில் பாராபெனை நம்பக்கூடாது, அல்லது எமல்சிஃபயரைத் தேவைக்கு மேல் ஒரு கிராம்கூடக் கூட்டக்கூடாது. "நன்றாகப் பிடிக்கட்டும்" என்று அள்ளிப் போடும் கையைக் கட்டிப்போட வேண்டிய இடம் இது.

இன்னொரு பொருத்தமின்மை: பழைய வானிஷிங் க்ரீம் செய்முறையில் ஸ்டியரிக் அமிலமும் ட்ரைஎத்தனாலமைனும் சேர்ந்து சோப்பாக மாறி எமல்சிஃபயர் வேலையைப் பார்க்கும். சோப்பு என்பதால் பிஎச் 7-க்கு மேலேதான் நிற்கும். இதில் சோடியம் பென்சோயேட் போட்டால் அது தூங்கும். பென்சோயேட்டை எழுப்ப எலுமிச்சை அமிலம் ஊற்றினால் சோப்பு முறிந்து க்ரீம் திரிந்துபோகும். இரண்டில் எதை மாற்றுவது என்று கேட்டால், எமல்சிஃபயரை மாற்றுங்கள் என்பேன். இதே சோப்பு வகைக்குக் கடினநீரும் ஆகாது. போர்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்பைக் கட்டியாக்கிவிடும்.

தண்ணீர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். பாட்டரிக் கடையில் வாங்கும் தண்ணீரில் உப்பு இருக்காது, கிருமி இருக்கலாம், கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். 0.1 சதவீதம் டைசோடியம் இ.டி.டி.ஏ. சேர்த்தால் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சூடோமோனாஸின் மேல்தோல் தளர்ந்து ப்ரிசர்வேட்டிவ் எளிதாக உள்ளே போகும். மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் மிகப் பெரிய உதவி.

ஒரு ஈடு செய்து பார்ப்போம்

நூறு கிராம் லோஷன். காய்ச்சி வடித்த தண்ணீர் 73.9 கிராம், கிளிசரின் 3, டைசோடியம் இ.டி.டி.ஏ. 0.1. இது தண்ணீர்ப் பக்கம். தேங்காய் எண்ணெய் 15, கெட்டிப்படுத்த மெழுகு போன்ற சீட்டைல் ஆல்கஹால் 2, கிளிசரில் ஸ்டியரேட்டும் பெக்-100 ஸ்டியரேட்டும் சேர்ந்த செதில் 5. இது எண்ணெய்ப் பக்கம். கடைசியில் சேர்க்க, ஃபீனாக்சிஎத்தனால் 90 பங்கும் எத்தில்ஹெக்சைல்கிளிசரின் 10 பங்கும் கலந்தது 1 கிராம். இதில் ஃபீனாக்சிஎத்தனால் 0.9 கிராம்தான் வரும், ஆகவே 1 சதவீத வரம்புக்குள் நிற்கிறது.

சொட்டுக் கணக்கு கூடாது. ஒரு சொட்டின் எடை திரவத்துக்குத் திரவம், குப்பிக்குக் குப்பி மாறும். நகைக்கடைத் தராசு போல 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். இந்தத் தொழிலில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். பாத்திரம், கரண்டி, குப்பி எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து ஆறவிடுங்கள்.

இரண்டு பக்கத்தையும் தனித்தனிக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, வெந்நீருக்குள் இறக்கி 70 முதல் 75 டிகிரி வரை சூடேற்றுங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் ஆறியிருந்தால் சீட்டைல் ஆல்கஹால் பட்ட இடத்திலேயே உறைந்து குருணை குருணையாக நிற்கும். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் கைப்பிளெண்டரால் இரண்டு நிமிடம் அடியுங்கள். தலையை முழுக்க அமிழ்த்தியே ஓட்டுங்கள், காற்றுப் புகாது. பிறகு பிளெண்டரை நிறுத்தி, கரண்டியால் மெல்லக் கிளறிக்கொண்டே ஆறவிடுங்கள். முதலில் பால் போல ஓடும். ஐம்பது டிகிரிக்குக் கீழே வரவர, கரண்டி போன தடம் மேலே கோடாக நிற்கத் தொடங்கும். கஞ்சி ஆறும்போது பதம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் கைக்கே தெரியும். நாற்பது டிகிரியில் ப்ரிசர்வேட்டிவைச் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். சூட்டில் ஆவியாகிப் போன தண்ணீரை எடை பார்த்து ஈடுகட்டுங்கள், இல்லாவிட்டால் சதவீதக் கணக்கெல்லாம் தவறிப்போகும். கடைசியில் பிஎச். 5-க்கும் 5.5-க்கும் நடுவில் வரும்படி எலுமிச்சை அமிலக் கரைசலைத் துளித்துளியாக விட்டுச் சரிசெய்யுங்கள்.

அடைப்பதற்கு வாயகன்ற டப்பாவைவிடப் பம்ப் வைத்த குப்பி நல்லது. டப்பாவில் தினமும் விரல் போகும். ஊறுகாய் ஜாடிக்கு அப்பத்தா வைத்த சட்டம் அப்படியே இங்கேயும் செல்லும்.

சோதனைக்கு மூன்று குப்பி எடுத்து வையுங்கள். ஒன்று சாதாரண இடத்தில். ஒன்று 40 முதல் 45 டிகிரி சூட்டில் சில வாரம். இன்னொன்றை ஃப்ரீஸரில் ஒரு நாள், வெளியே ஒரு நாள் என்று மாற்றி மாற்றி. மேலே லேசாகப் பாலேடு போல ஓர் அடுக்கு ஏறி, குலுக்கினால் சேர்ந்துகொண்டால் துளிகள் மிதந்திருக்கின்றன, உறை இன்னும் இருக்கிறது, கொஞ்சம் கெட்டிப்படுத்தினால் போதும். குலுக்கியும் சேராமல் எண்ணெய் தனியே நின்றால் உறையே உடைந்துவிட்டது, எமல்சிஃபயரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கிருமித் தடுப்பைப் பொறுத்தவரை வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆய்வுக் கூடத்தில் ஐ.எஸ்.ஓ. 11930 என்ற முறையில் சூடோமோனாஸ் உள்ளிட்ட ஐந்து கிருமிகளை வேண்டுமென்றே க்ரீமில் விட்டு, 28 நாள் வரை எண்ணிக்கை குறைகிறதா என்று பார்ப்பார்கள். செலவுதான், ஆனால் எமல்சிஃபயரும் ப்ரிசர்வேட்டிவும் ஒன்றையொன்று கெடுக்கிறதா என்பதற்கு நம்பத்தக்க பதில் அதில்தான் கிடைக்கும். செய்முறையில் ஒரு பொருளை மாற்றினாலும் மறுபடி செய்ய வேண்டும்.

வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படியும், 2020-இல் வந்த அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படியும், விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். எந்தப் பொருள் கூடாது, எது எவ்வளவு என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் ஐ.எஸ். 4707 தரநிலையைப் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கான பொருளைத் தொடங்கும் காலத்தில் செய்யவே வேண்டாம்.

இப்போது ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு குப்பியை எடுத்து, தேதியும் பிஎச்சும் எழுதி ஒட்டி, பழைய தேக்கு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுகிறேன். மாதம் ஒரு முறை மூடியைத் திருகி, முதலில் மூடியின் உள்விளிம்பைத்தான் பார்ப்பேன். பக்கத்து வீட்டு ஆச்சி இன்றும் என்னிடம்தான் லோஷன் வாங்குகிறார்கள். போன வாரம் வந்தவர்கள் குப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதுல தண்ணி இருக்கா ஆத்தா?" என்று கேட்டார்கள். இருக்கிறது ஆச்சி என்றேன். "அப்ப மருந்து போட்டிருக்கேல்ல?" என்றார்கள். போட்டிருக்கிறேன் என்று சொல்லி, எவ்வளவு என்பதையும் சொன்னேன்.